ஆறிய பிறகே ஆய்வு

அந்தப் பெரிய மருத்துவமனையில் எதற்கும் ஒரு பிரிவு உண்டு. வழுக்கி விழுந்தவரைத் தூக்கிவிட ஒரு பிரிவு, விழுந்ததை விசாரிக்க ஒரு பிரிவு, இனிமேல் யாரும் விழக் கூடாது என்று சுவரில் படம் ஒட்ட ஒரு பிரிவு. தரையைத் துடைக்கத்தான் ஆள் பற்றாக்குறை. இதைக் குறையாகச் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அத்தனை பிரிவுக்கும் நாற்காலி போட்ட பிறகு துடைக்கத் தரை எங்கே மிச்சம் இருக்கிறது?

சமையற்கூடம் கீழ்த்தளத்தில். அதன் பின்னால் கழுவறை. ஜன்னல் கிடையாது, உயரத்தில் ஒரு மின்விசிறி, உள்ளே இருக்கிற புழுக்கத்தை எடுத்து உள்ளேயே விட்டுக்கொண்டிருக்கும். நடுவில் பாத்திரம் கழுவும் இயந்திரம். தொட்டியின் மேல் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் பெட்டி மாதிரி ஒரு மூடி, முன்னால் ஒரு கைப்பிடி. இந்தப் பக்கம் நின்று எச்சில் தட்டுகளைக் கூடையில் அடுக்கி உள்ளே தள்ள வேண்டும். மூடியை இறக்கினால் வெந்நீர் சுழன்று அடிக்கும். பச்சை விளக்கு எரிந்ததும் அந்தப் பக்கம் நிற்பவர் மூடியைத் தூக்கிக் கூடையை இழுத்துக்கொள்ள வேண்டும். தள்ளுகிறவள் சின்னவள். இழுக்கிறவள் பெரியவள். இருவரும் கூடப்பிறந்தவர்கள்.

சின்னவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே பெரியவள்தான். வேண்டாம் என்று சொன்னவளை, "நான் இருக்கேன்ல, வாடி" என்று இழுத்துவந்தாள். அதனால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகத் தொடங்கியபோது முதலில் அவளுக்குப் பதறியது தன் கைக்காக அல்ல. சின்னவள் அவசரக்காரி. கொதிக்கிற பாலைக்கூட விரல் விட்டுப் பார்ப்பாள். பெரியவள் ஒரு முடிவு செய்துகொண்டாள்: என்ன ஆனாலும் அந்த மூடியைச் சின்னவள் தூக்கக் கூடாது. காய்ச்சல் வந்த நாளிலும் பெரியவள் விடுப்பு எடுக்காமல் வந்து நின்றாள். சின்னவள் தூக்கப் போனால், "உன் பக்கத்துல நில்லு, போ" என்று அதட்டுவாள்.

ஒரு நாள் மூடியைத் தூக்கியதும் ஆவி குபீரென்று கிளம்பி முன்கை முழுவதும் அடித்தது. தோல் வழன்றுவிட்டது. அன்று மேலாளரிடம் போய் நின்றாள்.

சமையற்கூட மேலாளருக்குப் "பாப்போம்" என்று பெயர். பெற்றோர் வைத்தது வேறு. ஊழியர்கள் வைத்தது இது. யார் எது கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். கெட்ட மனிதர் இல்லை. கேட்கிறவர் மனம் நோகக் கூடாது, சொல்கிறவர் நாற்காலியும் நோகக் கூடாது என்று நினைப்பவர்.

"சார், மெஷின் ரொம்பச் சூடாகுது. கையப் பாருங்க."

அவர் கையைப் பார்த்தார். "அடடா" என்றார். மனதாரத்தான் சொன்னார். பிறகு, "பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்றேன்மா. பாப்போம்" என்றார்.

பாதுகாப்பு அதிகாரி வந்தார். மருத்துவமனைக்குள் தலையில் என்ன விழுந்துவிடும் என்று தெரியாது, மஞ்சள் தலைக்கவசத்தோடுதான் நடமாடுவார். அதோடுதான் சாப்பிடுவார் என்றும் சொல்வார்கள். வந்ததும் வராததுமாக இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னார். பிறகு ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார்.

"எதுக்கு சார் உக்காந்திருக்கீங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஆறட்டும்."

"ஆறினா சூடு போயிடுமே சார்?"

"அதத்தானேம்மா நாம எல்லாரும் எதிர்பாக்குறோம்?" என்று அவர் அன்பாகச் சிரித்தார். "சூடா இருக்கிற இயந்திரத்துல கை வைக்கக் கூடாது. அது எங்க முதல் விதி. உங்க பாதுகாப்புக்காகவே போட்டது. அதனால ஆறின பிறகுதான் ஆய்வு."

"ஓடும்போது நாங்க வைக்கிறோமே சார், கை?"

"நீங்க வைக்கிறது வேலை. நாங்க வைக்கிறது ஆய்வு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. படித்தவர் சொல்கிறார், இதில் நமக்கு எட்டாத நியாயம் ஏதாவது இருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். நன்றாக ஆறிய பிறகு அதிகாரி எழுந்து, பையிலிருந்து வெப்பமானியை எடுத்து மூடியின் மேல் வைத்தார். எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சூடே இல்லை. சொல்லப்போனா கொஞ்சம் குளுமையாவே இருக்கு."

இந்தக் குளுமைதான் வினையாகப் போயிற்று. பாதுகாப்புப் பிரிவின் ஆய்வறிக்கை சுகாதாரப் பிரிவுக்குப் போனது. ஒரு கழுவும் இயந்திரம் குளுமையாக இருக்கிறது என்றால் அங்கே பதறாமல் இருப்பார்களா? கிருமி சாகாதே! வெப்பத்தை உடனே கூட்டும்படி உத்தரவு வந்தது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக் வந்தான். அவன் மருத்துவமனையின் சொந்த மெக்கானிக். தோளில் ஒரு பை தொங்கும். அதிலிருந்து எந்தக் கருவியையும் எடுத்து யாரும் பார்த்ததில்லை.

பெரியவளுக்கு அவனைக் கண்டதும் உயிர் வந்தது. "தம்பி, நல்ல வேளை வந்தே. இது ஏன் இப்படிக் கொதிக்குது?"

"சென்சார் போயிருக்கலாம். ஹீட்டர் காயில்ல உப்புப் படிஞ்சிருக்கலாம். பின்பக்கத் தகட்டைக் கழட்டிப் பாத்தாத்தான்க்கா தெரியும்."

"கழட்டேன்பா."

"கோளாறுன்னு சொன்னாத்தான் கழட்ட முடியும்."

"யாரு சொல்லணும்?"

"பாதுகாப்புப் பிரிவு."

"அவங்கதான் சூடே இல்லன்னு சொல்லிட்டாங்களே."

"அப்ப கோளாறு இல்லக்கா" என்று மெக்கானிக் வருத்தத்தோடு சொன்னான். "கூட்டச் சொல்லி வந்திருக்கு. கூட்டிட்டுப் போயிடறேன்." பக்கவாட்டில் இருந்த திருகை, போகும் மட்டும் திருப்பினான். அது கட்டக்கடைசியில் போய் முட்டி நின்றது. "இதுக்கு மேல போகாதுக்கா" என்று, ஏதோ குறை வைத்துவிட்டவன் போலச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மதியம் கூடையை இழுத்தபோது பிளாஸ்டிக் குவளைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பொடிந்து நின்றன. சின்னவள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு தெம்பு வந்தது. கை வெந்ததைத்தான் நம்பவில்லை. கண்ணெதிரே உருகிக் கிடக்கிறதே, இதைக்கூடவா இல்லை என்பார்கள்? நாலைந்து குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள்.

"பாப்போம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

குவளைகள் பாதுகாப்புப் பிரிவுக்குப் போயின. குவளை தங்கள் பொறுப்பில் வராது என்று அவர்கள் கொள்முதல் பிரிவுக்கு அனுப்பினார்கள். தாங்கள் வாங்கியது நேரான குவளை, இது வேறு குவளை என்று கொள்முதல் பிரிவு திருப்பி அனுப்பியது. இப்படி அலைந்து அலைந்து அவை ஒரு குழுவிடம் போய்ச் சேர்ந்தன. குழு கூடிப் பேசியது. படுத்திருக்கும் நோயாளிக்கு நேரான குவளையைவிடச் சாய்வான குவளையே தோது என்று கண்டுபிடித்தது. சமையற்கூடத்தின் புதுமுயற்சியைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது. எல்லாக் குவளையும் ஒரே அளவாகச் சாய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளவும் என்று கடைசி வரியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் கையுறைகள் போயின. தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி அவளிடம் இருந்தது. பழசுதான், விரல் நுனியில் ஓட்டை, இருந்தாலும் அதை நம்பித்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதுகாப்பு அதிகாரியே நேரில் வந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இது வெப்பக் கையுறைம்மா. சூடான இயந்திரத்துக்கு மட்டும்தான் குடுக்கணும். இது சூடில்லாத இயந்திரம். நீங்க இத மாட்டிக்கிட்டு நின்னா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? சூடுன்னு நினைக்க மாட்டாங்களா? எங்க ஆய்வோட மரியாதை என்ன ஆகும்?"

"என் கை என்ன ஆகும் சார்?"

அதிகாரி அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்தார். தலைக்கவசத்தைச் சற்றுத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது மருத்துவப் பிரிவு. பக்கத்துக் கட்டடம்தான்" என்று வழி சொன்னார்.

அன்றிலிருந்து ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். ஈரத் துணி ஆவியை இழுத்துக்கொண்டு இன்னும் சுட்டது. உலர்ந்த துணிக்கு மாறினாள். வீட்டில் சோறு பிசையும்போது விரல் மடங்காமல் விறைத்துக்கொண்டது. அதைச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

"நாளையிலேர்ந்து நான் இழுக்கிறேன் அக்கா. நீ தள்ளு."

"பேசாம சாப்பிடு."

"உனக்கு மட்டும் இரும்புல கை செஞ்சு வச்சிருக்கா?"

"நான் சொன்னாக் கேப்பியா மாட்டியாடி?" என்று பெரியவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வானொலி நின்றுபோனது. சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பெரியவள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளை எத்தனை நாள் அதட்டி நிறுத்திவைக்க முடியும்?

இந்த நிலைமையில்தான் பாதுகாப்பு நாள் வந்தது. ஆய்வில் மிகக் குறைந்த வெப்பம் பதிவான இயந்திரம் என்று கழுவறை இயந்திரத்துக்கு வெப்பமின்மைச் சான்றிதழ் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. இயக்குநரே வருகிறார். வந்து, தம் கையாலேயே மூடியைத் திறந்துவைக்கிறார். புகைப்படக்காரர் வருகிறார். கழுவறைச் சுவருக்கு அவசரமாகச் சுண்ணாம்பு அடித்தார்கள்; ஆவியில் அது சொட்டிக்கொண்டே இருந்தது.

காலையிலேயே இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது பாதுகாப்பு அதிகாரியின் திட்டம். ஆனால் வார்டுகளிலிருந்து எச்சில் தட்டு வருவது நிற்கவில்லை; நோயாளிகள் பாதுகாப்பு நாளிலும் சாப்பிட்டுத் தொலைத்தார்கள். அதோடு, வேறொரு விழா ரத்தாகிவிட்டதால் இயக்குநர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றுவிட்டார். அப்போதுதான் ஒரு கூடை உள்ளே சுழன்று முடிந்து பச்சை விளக்கு எரிந்திருந்தது. பெரியவள் துணியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கி ஒளித்துவைத்து, இருவரையும் சுவரோரம் நிறுத்தினார் மேலாளர்.

இயக்குநர் பேசினார்.

"இந்த வருஷம் நம்ம மருத்துவமனையில, ஆய்வு நேரத்துல ஒரு இயந்திரம்கூடச் சூடா இருந்ததில்ல. இது சாதாரண சாதனை இல்ல. எப்படி முடிஞ்சதுன்னு வெளியில கேக்குறாங்க. நாங்க இயந்திரத்த மாத்தல. இயந்திரத்தைப் பத்தின எண்ணத்த மாத்தினோம். சிலர் சொல்லலாம், ஊழியர்களுக்குக் கை சுடுதேன்னு. நியாயமான கேள்வி. அதையும் ஆராய்ஞ்சோம். இயந்திரத்துல குறை இல்லன்னு ஆனதும், மிச்சம் இருக்கிறது கை மட்டும்தான். ஒவ்வொருத்தர் தோலும் ஒவ்வொரு மாதிரி இல்லையா? அதுக்கு நிர்வாகம் என்ன பண்ண முடியும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவளும் தட்டினாள், வலிக்காத அளவுக்கு. இயக்குநர் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கைப்பிடியை நோக்கி வெறுங்கையை நீட்டினார்.

"ஐயோ, தொடாதீங்க!"

கத்தியது தான்தான் என்று பெரியவளுக்குச் சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. இயக்குநரின் கை அந்தரத்தில் நின்றது. சிரிப்பும் அப்படியே நின்றது. பாதுகாப்பு அதிகாரி முன்னால் வந்தார்.

"ஏன் கத்தினீங்க?"

"சூடா இருக்கு சார். கை வெந்துடும்."

"சூடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் தூக்குறேனே சார்."

"அதாவது, சூடுன்னு தெரிஞ்சே தினமும் இயக்கியிருக்கீங்க." அதிகாரி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார், விடை கிடைத்துவிட்ட நிம்மதி முகத்தில். "தெரிஞ்சே சூடான இயந்திரத்த இயக்குறது பெரிய விதிமீறல். எத்தனை தடவை எங்ககிட்ட வந்து சொல்லியிருக்காங்க! சொன்ன ஒவ்வொரு தடவையும் இவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

"நான் இயக்கலன்னா தட்டு யாரு சார் கழுவறது?"

"அது எங்க பிரிவு இல்ல." அவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "இவங்கள இன்னைக்கே பயிற்சி வகுப்புக்கு அனுப்புங்க. அது முடியுற வரைக்கும் இந்த அறைக்குள்ள வரக் கூடாது. வேற யாராவது இருக்காங்களா?" அவர் பார்வை சின்னவள் மேல் விழுந்தது. "நீங்கம்மா? உங்களுக்கு இது சூடுன்னு தெரியுமா?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். "நான் தள்ளுற பக்கம் சார். தூக்கினது இல்ல."

"ரொம்ப நல்லது. தெரியாதவங்கதான் நமக்கு வேணும்."

"இவங்களே திறக்கட்டுமே" என்றார் இயக்குநர், கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு. "ஊழியர் ஒருத்தரே திறந்தா படத்துக்கும் நல்லா இருக்கும்."

சின்னவள் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அவசரக்காரி. அதோடு, அக்கா மாட்டிக்கொண்டு நிற்கிறாளே, நாம் திறந்துவிட்டால் விவகாரம் இதோடு போகும் என்று அவள் கணக்கு. மூடியின் விளிம்பில் ஆவி பிசிறு பிசிறாகக் கசிந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். அந்தக் கையில் ஒரு வடுகூட இல்லை.

பெரியவள் பாய்ந்து இடையில் வந்து நின்றாள். வாய் தானாகப் பேசியது.

"சார், தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க. பெரிய மனுஷங்களப் பாத்ததும் பதறிட்டேன். சூடே இல்ல சார். ஆவி மாதிரி தெரியறது என் கண்ணுல கோளாறு. சான்றிதழ் குடுக்க வந்தது நீங்க. இவ யாரு சார் திறக்கிறதுக்கு? நீங்களே திறங்க."

"அதான் இவங்க..." என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"உங்க கையால திறந்தாத்தான் சார் எங்களுக்குப் பெருமை. தாராளமாப் பிடிங்க. குளுமையா இருக்கும்."

அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. இயக்குநர் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். "ஆய்வு பண்ணினது நீங்கதானே? முறையாப் பாத்தா நீங்கதான் திறக்கணும்."

"விதிப்படி, ஆறின பிறகுதான் சார் நான் தொடலாம்" என்றார் அதிகாரி. அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஆறுறதுக்கு அது சூடே இல்லையே சார்" என்றாள் பெரியவள்.

வெள்ளைச் சுண்ணாம்பு சுவரிலிருந்து சொட்டியது. மௌனம் தாங்காமல் மேலாளர், "பாப்போம்" என்றார். வாய்ப் பழக்கம். உடனே அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பி, "சரி, பாருங்க" என்று வழிவிட்டார்கள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சிறு பிள்ளை போல விழித்தார்.

கடைசியில் இயந்திரத்திலிருந்து நாலடி தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழை மூடியில் ஒட்ட ஆள் கிடைக்காததால் சுவரில் ஒட்டினார்கள். மூடியை முறைப்படி திறக்க வேண்டியவர் யார் என்று தீர்மானிக்க ஒரு குழு அமைவதாகவும், அதுவரை யாரும் கிட்டே போகக் கூடாது என்றும் இயக்குநர் அங்கேயே அறிவித்தார். சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது: "இது சூடாகாத இயந்திரம். தொட வேண்டாம்." திறக்கிற ஆள் யார் என்று முடிவாகும்வரை, தெரிந்தே இயக்கியது யார் என்ற கேள்வியையும் எடுக்க முடியாது என்பதால் பெரியவளின் பயிற்சி வகுப்பும் தள்ளிப்போயிற்று.

தட்டு மட்டும் தள்ளிப்போகவில்லை. மூலையில் கிடந்த பழைய தொட்டியைச் சுத்தம் செய்து, அக்காவும் தங்கையும் கையால் கழுவத் தொடங்கினார்கள். தேய்க்கத் தேய்க்க வண்டி வண்டியாக வந்துகொண்டே இருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டுப் பெரியவளின் கை தீயாக எரிந்தது. இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. ஆனாலும் பக்கத்தில் சின்னவளின் கை நல்லபடியாக நுரையில் மூழ்கி எழுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு வண்டித் தட்டு தீர்ந்தது. சின்னவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, நீ பாட்டுக்குத் தாராளமாப் பிடிங்கன்னு சொன்னியே. அந்த மனுஷன் நிஜமாவே பிடிச்சிருந்தா?"

"பிடிச்சிருந்தா சாயங்காலத்துக்குள்ள மெஷின ரிப்பேர் பண்ணியிருப்பாங்க" என்றாள் பெரியவள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்தக் கணத்தில் அவர் பிடிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். முதலில் ஐயோ என்று கத்தியவளும் அவள்தான். தேய்த்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டாள். சின்னவள், அக்காவின் முன்னால் குவிந்திருந்த தட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.